கைதானவர் எங்கே இருக்கிறார்? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் குடும்பத்தில் ஒருவரைக் கைது செய்தபோது, அவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளவே அலையாய் அலைந்தோம். ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட்டைக் கை காட்டினார்கள். கோர்ட்டில் கேட்டால் “உங்க வக்கீலைக் கேளுங்க” என்றார்கள். வக்கீல் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. இதற்கு நடுவில் “நான் விசாரிச்சுச் சொல்றேன், கொஞ்சம் செலவாகும்” என்று ஓர் ஆள் வந்து உட்கார்ந்துகொண்டார். அந்த நிலைமையில் இருக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். கைதானவர் போகும் இடமெல்லாம் அவரோடு ஒரு காகிதம் போகிறது. ஸ்டேஷனில் கைது குறிப்பு, அப்புறம் எஃப்.ஐ.ஆர்., கோர்ட்டில் ரிமாண்ட் உத்தரவு (காவலில் வைக்கச் சொல்லும் உத்தரவு), சிறையில் கைதி எண். எந்தக் காகிதம் எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், ஆள் எங்கே என்ற கேள்விக்குக் காசு கொடுக்காமலே பதில் கிடைக்கும்.

1. முதலில், எந்தப் பிரிவு கூட்டிப்போனது?

“போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க” என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அது போதாது. பார்த்தவரிடம் உடனே கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், சீருடையா மஃப்டியா, வண்டி எண் என்ன, எந்த ஸ்டேஷன் பெயரைச் சொன்னார்கள். ஒரு நாள் போனாலே ஆளுக்கு ஒரு நேரம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பிற்பாடு கோர்ட்டில் ‘எத்தனை மணிக்குக் கைது’ என்ற கேள்வி வரும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

உள்ளூர் ஸ்டேஷனில் போய்க் கேட்டு “இங்கே அப்படி யாரும் இல்லையே” என்றால், அது உண்மையாகவே இருக்கலாம். நம் மாவட்டங்களில் கைது செய்வது உள்ளூர் ஸ்டேஷன் மட்டும் இல்லை. சாராயம், வெளிமாநில மது என்றால் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு. கஞ்சா என்றால் போதைப்பொருள் நுண்ணறிவுப் பிரிவாகவும் இருக்கலாம். ரேஷன் அரிசி கடத்தல் என்றால் குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை. குடும்பத் தகராறு, பெண் கொடுத்த புகார் என்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம். பண மோசடி என்றால் மாவட்டக் குற்றப்பிரிவு அல்லது சைபர் கிரைம். தேன்கனிக்கோட்டை, ஓசூர், பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் வனத்துறையே பிடித்துப்போவதும் உண்டு. அப்படியானால் போலீஸ் ஸ்டேஷன்களில் தேடிப் பயனில்லை, வனச்சரக அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அவர்கள் வழக்கு போலீஸ் எஃப்.ஐ.ஆர். தளத்திலும் வராது.

எந்தப் பிரிவு என்றே தெரியவில்லையா? 112-க்குப் பேசுங்கள், அல்லது மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தின் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகிய விவரங்களை வைத்திருக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 37-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் சட்டம் இது. அந்த விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது யாருடைய தயவும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. “உங்க பையனைப் பிடிச்சு வெச்சிருக்கோம், கேஸ் போடாம இருக்கணும்னா இந்த நம்பருக்குப் பணம் அனுப்புங்க” என்று போனோ வீடியோ காலோ வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பையன் எண்ணுக்கே முதலில் அடித்துப் பாருங்கள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

2. ஸ்டேஷனில் கேட்க வேண்டியவை

தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். கூட்டமாகவும் போக வேண்டாம். வரவேற்பில் பெயரைச் சொல்லிவிட்டு, ரைட்டரையோ எஸ்.ஐ.யையோ பார்த்து நேராக இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

கைதா, விசாரணையா? கைது என்றால் எத்தனை மணிக்கு? குற்ற எண் என்ன, என்னென்ன பிரிவுகள்? எந்தக் கோர்ட்டில், எப்போது ஆஜர்படுத்துவீர்கள்?

குற்ற எண்தான் எல்லாவற்றுக்கும் சாவி. வேறு எதுவும் சொல்லாவிட்டாலும் ‘குற்ற எண், வருடம், ஸ்டேஷன் பெயர்’ இந்த மூன்றையும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கைது செய்யும்போது ஒரு குறிப்பு எழுதி, குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். கைதான செய்தியையும் வைத்திருக்கும் இடத்தையும் அவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும், இது அதே பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 48-வது பிரிவு. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை 38-வது பிரிவில் இருக்கிறது, விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்திலேயே இருக்க முடியாது என்றாலும். பெண்ணை, விதிவிலக்கான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகு உதிக்கும் முன் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்வதானாலும் பெண் அதிகாரி எழுத்துமூலம் நடுவரின் (மாஜிஸ்ட்ரேட்டின்) முன் அனுமதி வாங்க வேண்டும்.

“சும்மா விசாரணைக்குத்தான் கூட்டிட்டு வந்தோம், சாயங்காலம் அனுப்பிடுவோம்” என்ற பதிலில்தான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. சாயங்காலம் வரை நில்லுங்கள், ஆனால் கை கட்டி நிற்காதீர்கள். ஆளைப் பிடித்த நேரத்தைக் குறிப்பிட்டு எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், முடிந்தால் தபாலிலும் பதிவு செய்து அனுப்புங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் கொண்டுவர வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-வது கூற்றிலேயே உள்ளது. அந்த 24 மணி எப்போது தொடங்கியது என்பதற்கு உங்கள் மின்னஞ்சல் ஒரு சாட்சி.

அவர் தினமும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருந்துச்சீட்டின் நகலை அப்போதே கொடுத்துவிடுங்கள். சர்க்கரை, வலிப்பு, மனநல மருந்து, இதெல்லாம் ஒரு வேளை தவறினாலும் ஆபத்து.

3. எஃப்.ஐ.ஆர். நகல்

எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருடம், எண் கொடுத்துத் தேடலாம். செலவு இல்லை. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் சம்பந்தப்பட்டவற்றை ஏற்ற மாட்டார்கள். அவற்றுக்கு வக்கீல் மூலம் கோர்ட்டில் மனுப் போட்டு நகல் வாங்கலாம்.

எஃப்.ஐ.ஆரில் உங்கள் ஆள் பெயர் இல்லாமலே இருக்கலாம். ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று பதிவு செய்து, பிறகு சேர்த்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘நம்ம ஆள் மேல கேஸே இல்ல’ என்று சந்தோஷப்பட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

4. ரிமாண்ட் கோர்ட்

இந்தப் படியை விட்டுவிட்டு நேராகச் சேலத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள்தான் அதிகம். எந்தச் சிறை என்பதை எழுதிக் கொடுப்பது கோர்ட். ஆகவே தெரிந்துகொள்ள வேண்டிய இடமும் கோர்ட்தான்.

எந்த ஸ்டேஷனுக்கு எந்தக் கோர்ட் என்று எல்லை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களைத் தவிர அரூர், பாலக்கோடு, பென்னாகரம், ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை எல்லாவற்றிலும் கோர்ட் இருக்கிறது. ஆனால் போக்சோ, வன்கொடுமைத் தடுப்பு, கஞ்சா வழக்குகளுக்குத் தனி நீதிமன்றங்கள். அந்த வழக்குகளில் ஊர்ப் பக்கத்து நடுவர் கோர்ட் வாசலில் காத்திருந்தால் அங்கே யாரும் வராமலே போகலாம். எஃப்.ஐ.ஆரில் உள்ள பிரிவுகளை ஒரு வக்கீலிடம் காட்டினால் எந்தக் கோர்ட் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்.

ஞாயிறு, பண்டிகை, இரவு என்றால் பொறுப்பு நடுவரின் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். கோர்ட் பூட்டியிருக்கிறது என்பதால் ரிமாண்ட் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு கோர்ட் நடுவர் விடுப்பில் இருந்தால் பக்கத்துக் கோர்ட் நடுவர் பொறுப்பில் இருப்பார், அங்கே கொண்டுபோவார்கள். ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. கோர்ட்டுக்கு இன்னும் வரவில்லை என்றால் அங்கே அவசரப் பிரிவுப் பக்கம் ஒருவரை அனுப்பிப் பாருங்கள். ஆளைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல நேரம் அதுதான் முதல் வாய்ப்பு.

நடுவர் முன் நிறுத்தும்போது, அடித்திருந்தால் அதைக் கைதானவரே சொல்லலாம். கேட்காமலே சொல்ல வேண்டும். வக்கீல் இல்லை என்றால் “எனக்கு வக்கீல் இல்லை” என்றும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிக்கு இலவச வக்கீல் வர வேண்டும். சந்திக்க முடிந்தால் இந்த இரண்டையும் அவர் காதில் போட்டுவிடுங்கள்.

ரிமாண்ட் ஆன பிறகு கோர்ட்டில் கேட்க வேண்டிய ஆள் பெஞ்ச் கிளார்க், அல்லது அந்த ஸ்டேஷனின் கோர்ட் டூட்டி காவலர். குற்ற எண்ணையும் பெயரையும் சொல்லி “எந்த ஜெயிலுக்கு ரிமாண்ட், எந்தத் தேதி வரைக்கும்?” என்று கேளுங்கள். அவசர நேரத்தில் கேட்டால் எரிந்து விழுவார்கள். காலையில் கோர்ட் உட்காரும் முன்போ, மதிய இடைவேளை முடிந்தவுடனோ போனால் பெரும்பாலும் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு ரிமாண்ட் அதிகபட்சம் 15 நாள், அப்புறம் நீட்டிப்பார்கள். நீட்டிப்புக்குச் சிறையிலிருந்தே வீடியோ மூலம் ஆஜர்படுத்துவது இப்போது சாதாரணம். அன்று கோர்ட்டில் ஆளைப் பார்க்கலாம் என்று கூலி வேலையை விட்டுவிட்டு வந்து ஏமாறாதீர்கள். முதல் நாள் சாயங்காலமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குற்றப்பத்திரிகை எப்போது வர வேண்டும் என்பதையும் ரிமாண்ட் நாளிலிருந்து எண்ணி நாட்காட்டியில் குறியுங்கள். மரண தண்டனை, ஆயுள், 10 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். வணிக அளவு கஞ்சா வழக்கில் 180 நாள். அதற்குள் தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமை பிறக்கிறது. ஆனால் மனுப் போட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

5. எந்தச் சிறையில் வைப்பார்கள்?

ஆண்கள் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் போன்ற ஊர்களின் சிறைகளில் ஒன்று, அல்லது சேலம் மத்திய சிறை. கடுமையான குற்றம், நீண்ட தண்டனை, குண்டாஸ் (தடுப்புக் காவல்) என்றால் சேலம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்களை இங்கேயுள்ள ஆண்கள் சிறைகளில் வைப்பதில்லை. சேலத்தில் பெண்கள் சிறை இருக்கிறது, வேலூரில் பெண்கள் தனிச்சிறை இருக்கிறது. அம்மாவோடு சின்னக் குழந்தையும் போயிருந்தால் அதையும் சேர்த்து விசாரியுங்கள்.

18 வயது ஆகாதவரைச் சிறையில் வைக்கவே கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும், வைப்பதானால் அரசுக் கூர்நோக்கு இல்லத்தில். நம் பக்கத்துக்குச் சேலத்தில் இருக்கிறது. பையனுக்கு வயது ஆகவில்லை என்றால் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ எடுத்துக்கொண்டு முதல் நாளே ஓடுங்கள். ஆதாரில் வயது தப்பாக ஏறியிருப்பது நம் கிராமங்களில் ரொம்ப சகஜம். அதை மட்டும் பார்த்துப் பெரியவர்களோடு அனுப்பிவிட்டால் மீட்டுக் கொண்டுவரப் பெரும்பாடு.

கேட்ட சிறையில் “இங்க இல்ல” என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். இட நெருக்கடியில் வேறு சிறைக்கு மாற்றியிருப்பார்கள். போலீஸ் காவல் கேட்டு வாங்கி ஸ்டேஷனுக்கே திரும்பக் கூட்டிப்போயிருப்பார்கள். அல்லது வேறு ஊர் வழக்குக்காக ‘பி.டி. வாரன்ட்’ போட்டு அந்த ஊர்க் கோர்ட்டுக்கு எடுத்துப்போயிருப்பார்கள். சிறை அலுவலகத்தில் “ரிலீஸா, டிரான்ஸ்ஃபரா, பி.டி.யா?” என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும்.

6. போனிலேயே தேடுவது

இ-கோர்ட்ஸ் செயலியில் எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்தோ, பெயரை வைத்தோ தேடலாம். குற்றப்பத்திரிகை வராத வழக்கு அதில் எண் ஆகியிருக்காது. ஆனால் ஜாமீன் மனு போட்டிருந்தால் அது தனியாகத் தெரியும், அடுத்த வாய்தா தேதியும் தெரியும். 16 இலக்க சி.என்.ஆர். எண் கிடைத்துவிட்டால் அதைச் சேமித்து வையுங்கள், பிறகு வக்கீலுக்குப் போன் போட்டுத் தேதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

தேசியச் சிறைத் தகவல் தளத்தில் ‘இ-முலாகாத்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. சிறைச் சந்திப்புக்கு முன்பதிவு செய்யும் இடம். மாநிலம், சிறை, கைதியின் பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது, உங்கள் அடையாள அட்டை விவரம், கைபேசி எண் கேட்கும். நேரில் பார்ப்பதா, வீடியோவிலா என்றும் தேர்ந்தெடுக்கலாம். இதற்கும் கட்டணம் இல்லை.

இந்தத் தளங்களில் நம்மை மாட்டவைப்பது ஆங்கில எழுத்து. முனியப்பனுக்கு ஒரு பி-யா இரண்டு பி-யா, மாதையனுக்கு நடுவில் எச் உண்டா இல்லையா, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் எஃப்.ஐ.ஆர். தட்டச்சு செய்தவர் கையில். ‘என்கிற’ போட்டு ஊரில் கூப்பிடும் பெயரையும் சேர்த்திருப்பார்கள். அதனால் ஆதாரில் இருப்பதுபோல் தேடி ‘பதிவு இல்லை’ என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். ரிமாண்ட் காகிதத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே போட்டுப் பாருங்கள்.

7. மனு பார்க்கப் போகும்போது

சிறையில் ஆளைச் சந்திப்பதை நம் பக்கம் ‘மனு பார்ப்பது’ என்பார்கள். வாசலில் மனு எழுதிக் கொடுத்து, கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும்.

எடுத்துப்போக வேண்டியவை: ஆதார் அசல், இரண்டு நகல், உறவைக் காட்ட ரேஷன் அட்டை, குற்ற எண்ணும் ரிமாண்ட் கோர்ட் பெயரும் எழுதிய தாள். முதல் சந்திப்பிலேயே கைதி எண்ணைக் கேட்டு எழுதிவிடுங்கள். அடுத்த தடவையிலிருந்து மனுவிலும், பணம் கட்டும்போதும், தபால் போடும்போதும் அந்த எண்தான் வேலை செய்யும். கைபேசியை உள்ளே விட மாட்டார்கள், ஆகவே தேவையான எண்களைத் தாளில் எழுதி வையுங்கள்.

விசாரணைக் கைதிக்கு வேறு நாட்கள், தண்டனைக் கைதிக்கு வேறு நாட்கள். அரசு விடுமுறை நாளில் சந்திப்பு இருக்காது என்று நினைத்தே திட்டமிடுங்கள். கிளம்பும் முன் சிறைக்குப் போன் போட்டு நாள், நேரம், எத்தனை பேர், என்ன பொருள் கொடுக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். சேலம் மத்திய சிறை அஸ்தம்பட்டியில் இருக்கிறது. புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். தருமபுரியிலிருந்து கிளம்பினால் தொப்பூர் கணவாயைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், அன்றைய மனு நேரம் போய்விடும். ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்கள் விடியற்காலையிலேயே கிளம்புவது நல்லது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகாதீர்கள், வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அதற்குப் பதில் அவர் பெயரில் பணம் கட்டினால் உள்ளே கேன்டீனில் வாங்கிக்கொள்வார். பணத்தை அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். வாசலில் நிற்கும் யாரிடமும், அவர் சீருடையில் இருந்தாலும், கையில் கொடுக்காதீர்கள். வக்காலத்தில் (வக்கீலை அமர்த்தும் படிவம்) கைதியின் கையெழுத்து வாங்கிச் சிறை அதிகாரி சான்றளிக்க வேண்டும். ஆகவே வக்கீல் வைத்துவிட்டீர்கள் என்றால் வக்காலத்துப் படிவம் போய்ச் சேர்ந்ததா என்று அன்றே கேளுங்கள். பல ஜாமீன் மனுக்கள் அந்த ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கின்றன.

8. வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால்

காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு அது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் குற்ற எண், கைதானவர் பெயர், சிறை, உங்கள் போன் எண் எழுதிக் கொடுத்தால் போதும். போக முடியாதவர்கள் 15100-க்குப் பேசலாம். ஆள் எங்கே என்றே தெரியாதபோதும் இங்கே போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிறைகளுக்குச் சென்றுவரும் வக்கீல்களும் சட்டத் தன்னார்வலர்களும் இவர்களிடம் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெளிவான பதில் முதலில் வந்தது அந்த அலுவலகத்திலிருந்துதான்.

இலவச வக்கீல் என்றால் சரியாக வாதாட மாட்டார் என்று சொல்லி வேறு ஆளிடம் இழுப்பார்கள். முதல் கட்டத்தில் உங்களுக்கு வேண்டியது தகவலும், எஃப்.ஐ.ஆர். நகலும், ஒரு ஜாமீன் மனுவும். நகையை அடகு வைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை.

9. குண்டாஸ் போட்டுவிட்டால்

இது தண்டனையும் இல்லை, சாதாரண ரிமாண்டும் இல்லை, தடுப்புக் காவல். தமிழ்நாடு 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் போடும் உத்தரவு. பெரும்பாலும் ஏற்கெனவே சிறையில் இருப்பவர் மேலேயே பாயும், ஆகவே ஒரு நாள் மனு பார்க்கப் போனால்தான் வீட்டுக்கே தெரியவரும். 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல், 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைப்பது, 7 வாரத்துக்குள் கழகத்தின் கருத்து என்று கெடுக்கள் இருக்கின்றன. காவல் அதிகபட்சம் 12 மாதம். கைதிக்குக் கொடுத்த அந்தக் கட்டு முழுவதையும் அப்படியே வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். கைதிக்குப் புரியும் மொழியில் கொடுத்தார்களா, எல்லாப் பக்கமும் படிக்கும்படி இருக்கிறதா என்பதுகூட வழக்கைத் திருப்பும். ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடம் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது முக்கியம்.

10. எல்லை தாண்டிக் கைதானால்

ஓசூரில் இருந்து பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் அங்கே கைதானவர் என்றால் எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்தில் உள்ள பரப்பன அக்ரஹாரா சிறையை முதலில் விசாரியுங்கள். எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சித்தேரி, அரூர் மலைப்பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஆந்திரப் பக்கம் வேலைக்கு என்று மேஸ்திரி கூட்டிப்போன ஆளிடமிருந்து போனே வரவில்லை என்றால், மேஸ்திரி திரும்பி வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் உங்கள் ஸ்டேஷனில் காணாமல் போனவர் என்று புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் அங்கே தேடுங்கள். செம்மர வழக்கு என்றால் திருப்பதியில் தனி நீதிமன்றமே இருக்கிறது, சிறை கடப்பாவாகவும் நெல்லூராகவும் இருக்கலாம். அங்கே பெரும்பாலும் வனத்துறை பிடித்திருக்கும் என்பதால் வனச்சரகத்திலும் கேட்க வேண்டும். 15100 எல்லா மாநிலத்துக்கும் ஒரே எண். தருமபுரி ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து அந்த மாவட்ட ஆணைக்குழுவுக்கு எழுதச் சொல்லலாம். மொழி தெரியாத ஊரில் தனியாக அலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

11. யாருமே பதில் சொல்லாவிட்டால்

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். சாதாரணமாக 30 நாள் ஆகும். ஆனால் ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 7-வது பிரிவில் இருக்கிறது. மனுவின் தலைப்பிலேயே அதை எழுதுங்கள், உங்கள் உறவையும் எழுதுங்கள்.

24 மணி நேரம் தாண்டியும் எந்தக் கோர்ட்டிலும் ஆஜர்படுத்தவில்லை, எங்கே என்றும் சொல்லவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு. நம் இரண்டு மாவட்டங்களும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வருகின்றன, மதுரைக் கிளைக்குப் போக வேண்டியதில்லை. முதல் நாள் எழுதிய அந்தத் தாளும், எஸ்.பி.க்கு அனுப்பிய மின்னஞ்சலும் இந்த மனுவோடு சேரும்.

12. ஜாமீன் கிடைத்ததும்

உத்தரவு வந்துவிட்டது என்றதும் சிறை வாசலுக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அவர்களின் ஆதார், ரேஷன் அட்டை, போட்டோ, வீட்டு வரி ரசீது அல்லது பட்டா, சில கோர்ட்டில் வி.ஏ.ஓ. சான்று. இதைக் கோர்ட்டில் கொடுத்து ஏற்ற பிறகுதான் விடுதலை உத்தரவு சிறைக்குப் போகும். மாலையில் கைதிகளை அறைக்குள் அடைத்த பிறகு போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் மறுநாள் காலைதான் விடுவார்கள். வேறு வழக்கில் பி.டி. வாரன்ட் நிலுவையில் இருந்தால் இந்த ஜாமீனில் வெளியே வர முடியாது. ஆகவே அதை முன்னாலேயே சிறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருக்கிறார் என்றால், உத்தரவு வந்து 7 நாளில் விடுதலையாகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. நீங்களே 8-வது நாள் அந்த அலுவலகத்தில் போய் நின்று, தகவல் வந்ததா என்று கேளுங்கள். காசுக்கு ஜாமீன் போடுகிறேன் என்று கோர்ட் வாசலில் வரும் ஆட்களை மட்டும் நம்பாதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும்.

உத்தரவின் நகலில் நிபந்தனைப் பகுதியை வீட்டில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் முழுவதும் படித்துவிட வேண்டும். எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்கு, எந்தத் தேதியிலிருந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது அதில் இருக்கும். தினமும் போய்வர முடியாத தூரத்தில் போட்டிருந்தால், நாள் தவறவிடாமல் போட்டுக்கொண்டே, நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு அதே கோர்ட்டில் மனுக் கொடுக்கலாம்.